அளவெடுக்கும்போது கேட்ட கேள்வி

என் வீட்டுக்காரர் தையல்காரர். நல்ல தையல்காரர் என்று ஊர் சொல்லும். நல்ல மனுஷன் என்றும் சொல்லும். கூட இருந்து பார்த்தால்தானே தெரியும்! மிச்சத் துணியை ஒரு துண்டு விடாமல் மடித்துத் திருப்பிக் கொடுப்பார். "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காது" என்று கடைக்கு வந்தவர்களிடமே சொல்லி அனுப்பிவிடுவார். எதை முடிவு செய்தாலும் முதலில் ஒரு நொடி கண்ணை மூடி ஜெபம் செய்வார். ஆண்டவர் ஒரு நாளாவது எங்களுக்கு லாபமாகப் பதில் சொல்லியிருக்கலாம். சொன்னதே இல்லை.

இவருடைய அக்கா மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அப்பா கோட்டு தைக்க எங்கள் கடைக்கே வந்தார். நான் மூலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இவர் அவருடைய நெஞ்சைச் சுற்றி டேப்பைப் பிடித்திருந்தபோது அந்த மனுஷன் கேட்டார்.

"நீங்க மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். மறைக்காம சொல்லுங்க. பையன் எப்படி?"

நான் இருமினேன். இவர் காதில் விழவில்லை. கண்ணை மூடினார்.

"வேலைல கெட்டிக்காரன். ஆனா குடிப்பான். குடிச்சா கை நீட்டுவான்."

"யார் மேல?"

"பெத்தவ மேலயே."

கோட்டு வேண்டாம் என்று அவர் போய்விட்டார். கல்யாணமும் நின்றுபோனது.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் வலிக்குமா?" என்று கத்தினேன்.

"அந்தப் பொண்ணு போய் அடி வாங்குறதுக்கு நானே வழி சொல்லணுமா?" என்றார் இவர். ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மாப்பிள்ளையைப் பெற்ற என் நாத்தனார் எங்களைப் பார்த்ததும் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சொந்தக்காரர் ஒருத்தர் இவர் முகத்துக்கு நேராகவே "யூதாஸ்" என்றார். இவர் வாயே திறக்கவில்லை. நான் திறந்தேன். அதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் நாத்தனார் கடைக்கு வந்தார். உதடு வீங்கியிருந்தது. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் தயாராக நின்றேன்.

"ஏன்டா, நீ நல்லவன்னு பேர் வாங்க என் தலைமேலதான் ஏறி நிக்கணுமா?"

"நான் பொய் சொல்லியிருக்கணுமாக்கா?"

"நீ சொன்னது பொய்னு யாருடா சொன்னா? அவ வந்திருந்தா அந்த அடில பாதி அவளுக்குப் போயிருக்கும். இப்ப மொத்தமும் எனக்குத்தான்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். பாவமாக இருந்தது. அந்த அம்மாளைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது அன்றைக்குத்தான்.

இவர் மெஷின் முன்னால் உட்கார்ந்து, "ஆண்டவர் அக்காவுக்கு ஒரு வழி காட்டுவாரு" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம்!

"இதுல ஆண்டவரை ஏன் இழுக்கிறீங்க? யாரோ பெத்த பொண்ணுன்னா ஒரு நொடில உண்மை வருது. கூடப் பிறந்தவ இத்தனை வருஷமா அடி வாங்குறா. அவனை ஒரு நாள் நிறுத்தி ஏன்டான்னு கேட்டீங்களா? நம்ம வீட்டுல பின்னால ரூம் சும்மாதானே கிடக்கு, இங்க வந்து இருக்கான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டீங்களா?"

இவர் முகம் செத்துப்போனது. பிறகு எழுந்து, பட்டப்பகலில் கடை ஷட்டரை இழுத்துப் பூட்டினார்.

"நீயும் வா. நான் கூப்பிட்டா அக்கா வர மாட்டாங்க" என்றார்.

போனேன். வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டேதான் போனேன்.