திராட்சைத் தோட்டத்தில் சிக்னல் ஏகாம்பரம்

சேதி வந்தபோது எனக்குப் பாதி முகம்தான் சவரமாகியிருந்தது. திருவொற்றியூர் தேரடிப் பக்கத்து சலூனில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கனகா மூச்சு வாங்க ஓடி வந்து வாசலில் நின்று, "ஏகாம்பரம் அண்ணன் போய்ட்டாராம்யா" என்றாள். மீதி சோப்பைத் துண்டால் வழித்துக்கொண்டு ராயபுரத்துக்கு ஓடினேன். அத்தனை அழுகைக்கு நடுவிலும் நாலு பேர் என் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் நான் அவரைக் கிண்டல் செய்தேன். கடைசியில் ஒரு வார்த்தை பேசாமல் அவர் என்னை ஊர் சிரிக்க வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இங்கே கூடியிருப்பவர்களில், துறைமுகத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டாம். வீட்டுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நான் கிரேன் ஓட்டுகிறவன். கேபின் மூணு மாடி உயரத்தில் இருக்கும். கீழே யார் தொண்டை கிழியக் கத்தினாலும் மேலே கேட்காது. அதனால் கீழே ஒருவர் நின்று கையால் சொல்வார். விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. கையை மூடிக் காட்டினால் நிறுத்து. அந்தக் கை எனக்கு எப்போதும் ஏகாம்பரம் அண்ணனுடைய கைதான். நான் படித்தது நாலாவது வகுப்பு. எழுத்தைவிட அந்தக் கையைத்தான் நன்றாகப் படிப்பேன்.

ஒருநாள் இரும்புத் தகடுக் கட்டு ஒன்றைத் தூக்க வேண்டும். கப்பல் கிளம்ப நேரமாகிவிட்டது. வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருவர் வந்து அண்ணனிடம் குதிக்கிறார். அண்ணன் கையை மூடியது மூடியபடி நிற்கிறார். அதிகாரி அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். கை திறக்கவில்லை. நான் மேலே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கத்துக் கொக்கி தானாக விரிந்து, கட்டு தரையிலேயே சரிந்தது. ஆகாயத்தில் இருந்திருந்தால் கீழே எங்கள் ஆட்கள் எட்டுப் பேர். எனக்குக் கடலை தொண்டையில் நின்றுவிட்டது.

சாயங்காலம் டீக்கடையில் கேட்டேன். "எப்டி அண்ணாத்த கண்டுகின?"

"கண்டுகினேன்னு யாரு சொன்னா? சந்தேகம் வந்துச்சு, அவ்ளோதான். நிறுத்துன்னு யாரு வேணா காட்டலாம் மாமு. தூக்குன்னு காட்றவன்தான் தூக்கமில்லாம கெடக்கணும்."

வெறும் பேச்சில்லை அது. மனிதர் உண்மையிலேயே தூங்காமல் கிடந்தார். ரத்த அழுத்தம் ஏறியது. டாக்டர், "பத்து நாள் எங்கேயாவது போய்ச் சும்மா இருங்க" என்றார். அண்ணன் சும்மா இருப்பதற்கு இடம் தேடியவன் நான்தான். என் மச்சான் அப்போது தேனிப் பக்கத்துக் கம்பத்திலிருந்து கோயம்பேட்டுக்குத் திராட்சை லோடு ஓட்டிக்கொண்டிருந்தான். அங்கே ஒரு தோட்டக்காரர், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் நின்ற பெரிய மாமரத்தின் மேல் பலகை வீடு ஒன்று கட்டி, வருகிறவர்களைத் தங்க வைக்கிறார் என்றான். அண்ணன், சரோஜா அண்ணி, நான், கனகா, நாலு பேரும் புறப்பட்டோம். அண்ணி ராயபுரத்தை விட்டு அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் வழி நெடுக, "மரத்து மேல வூடா? மெய்யாலுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

மெய்தான். இருபது அடி உயரத்தில் சின்ன அறை, இரண்டு கட்டில், சுற்றிலும் கைப்பிடி வைத்த நடை. மேலே ஏறி நின்றால் தரையே தெரியாது. பந்தல் மேல் பரவிய இலைதான் மலை அடிவாரம் வரைக்கும், பச்சைக் கடல் மாதிரி. இலைக்கு அடியில் கறுப்புத் திராட்சை கொத்துக் கொத்தாய்த் தொங்கும். காற்று வந்தால் வீடு மெல்ல ஆடும். நான் படுத்ததும் குறட்டை விட்டேன். அண்ணன் ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு ஆணியையும் தடவிப் பார்த்தார். "இந்தக் காத்துல ஒரு வாசனையும் இல்ல மாமு. சந்தேகமா கீது" என்றார். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலையும் மீனையும் மோந்த மூக்கு அது.

அண்ணியால்தான் மேலே வர முடியவில்லை. மூட்டு வலி. ஏணியில் இரண்டு படி ஏறி இறங்கிவிட்டாள். முதல் நாள் பூராவும் மரத்தடியில் உட்கார்ந்து, மேலே கனகா சொல்வதை அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானம் தோட்டக்காரர் அவளைப் பார்த்து மனசு கேட்காமல், "அக்கா, சாமான் ஏத்துற கப்பி இருக்குல்ல, அதுல பலகை கட்டி உக்கார வச்சு ஏத்திருவோமா? போன மாசம் ஒரு பெரியவரை ஏத்துனோம்ல" என்றார்.

அண்ணன் முகம் மாறிவிட்டது. "ஆள ஏத்தக் கூடாது."

"யாரு சொன்னது?" என்றாள் அண்ணி.

"சட்டம்டி."

"அது உங்க ஆபீஸு சட்டம். இங்க இன்னா ஆபீஸா கீது? ஊரான் வூட்டு இரும்பையெல்லாம் தூக்கி வெச்சியே, கட்டுன பொண்டாட்டிய ஒரு வாட்டி தூக்கி வெக்க மாட்டியா?"

அண்ணன் மரத்தை மூன்று சுற்று சுற்றினார். பிறகு இரண்டு உர மூட்டை கேட்டார். பலகையில் மூட்டைகளைக் கட்டி இரண்டு தரம் மேலே ஏற்றி இறக்கினார். கயிற்றின் நுனியைப் பந்தல் கல்தூணில் இரண்டு சுற்று சுற்றச் சொல்லி, இழுக்கிற வேலையை என்னிடமும் தோட்டத்து ஆள் ஒருவரிடமும் கொடுத்தார்.

"அண்ணி, உன்ன ரெண்டு மூட்டைன்னு கணக்கு போட்டுக்கீறாரு" என்றேன்.

"உன் வாயில பினாயில ஊத்த" என்று அண்ணி பலகையில் உட்கார்ந்தாள். அவள் இடுப்பைப் பலகையோடு அண்ணனே கட்டினார். பத்தடி பின்னால் போய் நின்றார். விரலை உயர்த்திச் சுற்றினார்.

இழுத்தோம். அண்ணி ஏறினாள். மூன்று ஆள் உயரம் போயிருப்பாள். மலைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. பலகை சுழன்றது. மேலே கப்பியில் கயிறு சக்கரத்தின் பள்ளத்தை விட்டு எகிறி, சக்கரத்துக்கும் பக்கத்து இரும்புப் பட்டைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. அண்ணி அந்தரத்தில் நின்றாள்.

"இழுங்கண்ணே, வேகமா இழுங்க, வந்துரும்!" என்று தோட்டக்காரர் கத்தினார். மேலேயிருந்து கனகா, "அய்யோ இழுய்யா" என்று அலறினாள். அண்ணி, "அம்மா அங்காளம்மா" என்கிறாள். அண்ணன் கை மூடியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இழுத்துவிட்டேன்.

ஏன் இழுத்தேன் என்று அப்புறம் ரொம்ப நாள் யோசித்தேன். கேபினில் எனக்கு எந்தச் சத்தமும் கேட்காது. கண்ணுக்கு ஒரு கை மட்டும்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தரையில் நின்று லோடு தூக்கினேன். எல்லார் குரலும் கேட்டது. காது கேட்டதைக் கை செய்துவிட்டது.

ஒரு சாண்தான். படக் என்று கயிற்றில் ஒரு புரி அறுந்தது. பலகை ஒரு குலுங்கு குலுங்கியது. அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. மூடிய கையை இன்னும் உயரத் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

"சரோஜா, கீழ பாக்காத. என் கையப் பாரு" என்றார். தோட்டக்காரரிடம் கிணற்றுக் கயிறு ஒன்றைக் கேட்டார். ஆட்கள் இரண்டு பேர் அதோடு ஏணியில் ஏறி, கிளையில் சுற்றி, நுனியை அண்ணியிடம் இறக்கினார்கள். "பலகையோட ரெண்டு பக்கக் கயித்துலயும் சேத்துப் போட்டு முடிச்சு போடு. தண்ணிக் கொடத்துக்குப் போடுவியே, அந்த முடிச்சு. அவசரம் இல்ல." அண்ணி போட்டாள். மேலே இருந்தவர்கள் பாரத்தை வாங்கிக்கொண்டதும், ஒருவர் கிளையில் தவழ்ந்து போய், தொய்ந்த பழைய கயிற்றைப் பள்ளத்தில் எடுத்து வைத்தார். அத்தனை நேரமும் அண்ணன் கை ஆகாயத்தில் அப்படியே நின்றது. என் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. நான் பார்த்ததெல்லாம் அந்தக் கையைத்தான்.

கயிறு சரியானதும் விரலைக் கீழே நீட்டிச் சுற்றினார். இறக்கு.

மேலேயிருந்து குரல் வந்தது. "இன்னாத்துக்கு எறக்குற? ஏறத்தான வந்தேன்?" அண்ணாந்து பார்த்தால், ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணி இன்னொரு கை விரலை உயர்த்திச் சுற்றுகிறாள். தூக்கு என்கிறாள். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, விரல் மட்டும் நிற்கவில்லை.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் அறுந்த புரியைப் பார்த்தார். கிளையில் சுற்றிய புதுக் கயிற்றைப் பார்த்தார். மேலே இன்னும் ஒரு ஆள் உயரம், கீழே மூன்று. அண்ணியைப் பார்த்தார். பிறகு விரலைத் திருப்பி மேலே காட்டினார். பழைய கயிற்றை நாங்களும் புதுக் கயிற்றை மேலே இருந்தவர்களும் சாண் சாணாக இழுத்தோம். கனகா அண்ணியை அணைத்து உள்ளே வாங்கினாள். இரண்டு பெண்களும் அழுது முடித்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

திரும்பிப் பார்த்தால் அண்ணனைக் காணவில்லை. பந்தலுக்கு அடியில் தேடிப் போனேன். கடைசிக் கல்தூணுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்திருந்தார். வலது கையை முழங்காலுக்கு நடுவில் வைத்து இடது கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். அப்படியும் அது நிற்காமல் உதறியது, வலையிலிருந்து கொட்டிய மீன் மாதிரி. நான் உட்கார்ந்து அந்தக் கையை என் இரண்டு கைக்குள் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் ஆயிற்று.

"அவகிட்ட சொல்லாத மாமு."

"நான் இழுத்தத நீயும் சொல்லாத அண்ணாத்த."

"நீ எங்கடா இழுத்த? காத்து."

அண்ணி ஏணியில் ஏறத்தான் முடியாது. இறங்குவதற்கு, உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு படியாக மறுநாள் காலையில் இறங்கிவிட்டாள். அதற்குள் அந்த மர வீட்டை ஆண்டு அனுபவித்திருந்தாள். ஊருக்கு வந்து தெரு முழுக்கச் சொன்னாள். அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொன்னாள். "பொண்டாட்டி அந்தரத்துல தொங்கறா, இந்த மனுசனுக்குக் கை கூட ஆடல. நானும் ஒண்ணு, இரும்பு லோடும் ஒண்ணு." கல்யாண வீட்டில் சொன்னாள், காதுகுத்தில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். நான் எத்தனையோ தரம் வாயைத் திறந்து மூடியிருக்கிறேன். யாருடைய சங்கதியையும் கிண்டலுக்கு விட்டு வைக்காதவன் நான் என்று உங்களுக்குத் தெரியும். இந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. சொன்னால் நான் இழுத்த அந்தச் சாண் கயிறும் வெளியே வரும் என்ற பயமும் இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

காரியத்தன்று அண்ணி வாசலில் உட்கார்ந்து, அதே வார்த்தையை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

அண்ணி, அன்றைக்குப் பலகை குலுங்கியது காற்றினால் இல்லை, என்னால். அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் அவருக்குக் கொடுத்த வார்த்தையை இப்போது மீறுகிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இது ஒன்றுதான், இதையும் உன்னிடம் கொடுத்துவிடுகிறேன்: நீ பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கை ஆடியது, அண்ணி. நான் பிடித்துப் பார்த்தேன். என் இரண்டு கையாலும் அதை நிறுத்த முடியவில்லை.