குமரேசன் மாமா ரோலர் கோஸ்டரில் ஏறிய நாள்

சென்ற மாதம் அவிநாசி சாலையிலுள்ள ஒரு கல்லூரியில் பட்டிமன்றம். எதிரணியை முதல் அடியிலேயே வீழ்த்தும் தொடக்க வரி ஒன்றை ஒரு வாரமாகச் செதுக்கி வைத்திருந்தேன். மேடைக்குப் பின்னாலிருந்த நடைவழியை அப்போதுதான் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியது. செதுக்கிய வரி மூளையிலிருந்து இறங்கிப் போனது. நடுவர் என் பெயரை அழைத்தபோது நான் மேட்டுப்பாளையம் சாலையில், ஒரு தீம் பார்க்கின் அதே நெடியடிக்கும் அலைக்குளத்தில், இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தேன். அவைக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தனியாகச் சிரித்தேன். காரணம் தெரியாமல் அவையும் சிரித்தது. அன்று அணித்தலைவனாகிய எனக்கு உண்மையாகக் கிடைத்த வரவேற்பு அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

அவைக்குச் சொல்லாத காரணத்தை உங்களுக்குச் சொல்கிறேன், நண்பரே.

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் எங்கள் குடும்பம் அன்னூரிலிருந்து வேன் பிடித்து அந்தப் பூங்காவுக்குப் போகும். புறப்படும் முன் அம்மா எல்லோர் தலையிலும் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தேய்ப்பார். குளத்துத் தண்ணீர் முடியைக் கெடுத்துவிடும் என்பது அவர் கொள்கை. வெளியுணவுக்கு உள்ளே அனுமதியில்லை என்பது பூங்காவின் கொள்கை. இரண்டு கொள்கைகளுக்கும் நடுவே நாங்கள், எண்ணெய் வழியும் தலைகளோடு, வண்டி நிறுத்துமிடத்து வேப்பமர நிழலில் அமர்ந்து, காலை வெயில் ஏறும் முன்பே மதியத் தக்காளிச் சோற்றை உண்டு முடிப்போம். பசி வந்த பிறகு உண்பவர்கள் சாதாரண மனிதர்கள். பசி வரும் என்று முன்கூட்டியே அறிந்து உண்டவர்கள் நாங்கள்.

தேங்காய் எண்ணெயை நினைத்தால் உடனே கிரீஸ் வாசனையும் வந்துவிடுகிறது. வேனில் என் பக்கத்து இருக்கை எப்போதும் குமரேசன் மாமாவுக்கு. அவர் அம்மாவின் தம்பி. கிணற்று மோட்டார் பழுது பார்ப்பவர். எத்தனை சோப்புப் போட்டாலும் அவருடைய விரல் இடுக்குகளில் கிரீஸ் குடியிருக்கும். பாழுங்கிணற்றிலும் கயிற்றைப் பிடித்துச் சரசரவென்று இறங்கிவிடுவார். அதனால் அவரை அச்சமே அறியாதவர் என்று ஊர் நம்பியது, நாங்களும் நம்பினோம். பூங்காவில் மட்டும் அவர் எந்தப் பெரிய விளையாட்டிலும் ஏறியதில்லை. "நீங்கெல்லாம் போயிட்டு வாங்க, பையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று எங்கள் செருப்புகளுக்கும் துண்டுகளுக்கும் நடுவில் அமர்ந்துவிடுவார். எவ்வளவு பெரிய தியாகம் என்று நான் மெய்சிலிர்த்திருக்கிறேன்.

அந்தத் தியாகத்துக்கு ஆபத்து என் தங்கை யாழினியின் உருவில் வளர்ந்துகொண்டிருந்தது.

ரோலர் கோஸ்டரின் வாசலில் ஒரு மரப்பலகைக் கரடி கையை நீட்டியபடி நிற்கும். அந்தக் கைக்கு மேலே தலை தெரிந்தால்தான் ஏறலாம். ஆண்டுதோறும் யாழினி அதனடியில் போய் நிற்பாள். ஆண்டுதோறும் கரடி அவளைத் திருப்பி அனுப்பும். அழுபவளைத் தூக்கிக்கொண்டு மாமா வாக்குக் கொடுப்பார்: "நீ கரடி கைக்கு வளந்துபோட்டீன்னா, மாமனே உன்கூட ஏறறேன் அம்மணி." அம்மாவும் தன் பங்குக்கு அதைச் சடங்காக்கி வைத்திருந்தார். "காது குத்தறப்ப மடி குடுத்தது மாமன். மொத மொதல்ல இதுல ஏறறப்பவும் மாமன்தான் பக்கத்துல உக்காரோணும்." என் முறை வந்த ஆண்டில், யாரோ ஒருவருடைய தோட்டத்து மோட்டார் சரியான நேரத்தில் எரிந்துபோய் மாமாவைக் காப்பாற்றியது. அப்பாதான் என்னோடு ஏறினார். யாழினியின் ஆண்டில் எந்த மோட்டாரும் கைகொடுக்கவில்லை.

அன்று அவள் உச்சந்தலையில் கொண்டை போட்டுக்கொண்டு கரடியின் அடியில் போய் நின்றாள். வாசலில் நின்ற இளைஞன் கொண்டையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான். கரடியின் கையை அவள் தலை மயிரிழையில் தாண்டியிருந்தது. "ஏறலாம் பாப்பா" என்றான். நாங்கள் எழுப்பிய கூச்சலில் பக்கத்து ராட்டினத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமா மட்டும் கூச்சலிடவில்லை. "ஏனுங்க்கா, பையெல்லாம் ஆரு பாத்துக்கறது?" என்றார்.

"ஈரத்துணிய எவன்டா தூக்கீட்டுப் போறான்? போடா, கொழந்த நிக்குது" என்றார் அம்மா.

வரிசை நகர்ந்து நகர்ந்து எங்கள் முறை வந்தது. மாமா திரும்பிப் பின்னால் நின்ற குடும்பத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "நீங்க போங்க. உங்காளுங்க கைக்கொழந்தையோட வெளிய காத்திருப்பாங்க." அவர்கள் போனார்கள். அடுத்த வண்டி வந்தது. "அட, நீங்க போங்கண்ணா, வெயில்ல நிக்கறீங்க." அவர்களும் போனார்கள். எங்கள் பக்கத்தில் இதை யாரும் சந்தேகிக்கவே மாட்டார்கள், நண்பரே! வழிவிடுவது இங்கே இரத்தத்தில் ஊறிய பண்பு. ஒரு மனிதர் பயத்தை எங்காவது ஒளித்துவைக்க வேண்டுமென்றால், கொங்கு நாட்டில் மரியாதையைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. "உங்க தம்பி என்ன தங்கமான மனுசனுங்க" என்று ஒரு பெண்மணி தடுப்புக்கு வெளியே நின்ற அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா பூரித்துப்போனார்.

மூன்றாவதாக வந்தவர்கள் ஆனைமலைக்காரர்கள். மரியாதையில் மாமாவுக்குச் சற்றும் இளைத்தவர்கள் அல்லர்.

"நீங்க போங்க."

"அதெப்படிங்க, நீங்கதான மொதல்ல வந்தீங்க. நீங்க போங்க."

"பரவால்லீங்க, பெரியவங்க நிக்கறீங்க."

"பெரியவங்கதான் சொல்றோம், நீங்க ஏறுங்க!"

காலி வண்டி காத்து நின்றது. இளைஞனின் பொறுமை தீர்ந்தது. "ஆராச்சும் ஏறுங்க சாமி! மேக்க மானம் கறுத்துட்டு வருது. தூத்தல் போட்டா நிறுத்திப்போடுவோம்."

மலைப்பக்கம் வானம் உண்மையிலேயே கறுத்திருந்தது. யாழினி வானத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். இன்று விட்டால் அடுத்த ஆண்டுதான். அந்த வயதில் அடுத்த ஆண்டு என்பது இன்னொரு கண்டம்.

நான் அப்போதே பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவன். மாமாவின் கை தடுப்புக் கம்பியை இறுகப் பற்றியிருப்பதைப் பார்த்துவிட்டேன். உடனே உரையைத் தொடங்கினேன். இரும்புத் தண்டவாளத்தின் உறுதி, இடுப்புக் கம்பியின் வலிமை, அறிவியலின் மேன்மை என்று படிப்படியாக எழுப்பி, இறுதியில் குரலை உயர்த்தியும் காட்டினேன். மாமா மிகுந்த கவனத்தோடு கேட்டார். "நல்லாப் பேசற கண்ணு" என்றார். பிறகு இன்னொரு குடும்பத்துக்கு வழிவிட்டார்.

என் சொற்பொழிவு விழுந்த இடத்தில் யாழினி எழுந்தாள். அவளும் அந்தக் கையைப் பார்த்திருந்தாள். ஆண்டுக்கணக்கில் இந்த ஒரு நொடிக்காகக் கரடியோடு மல்லுக்கு நின்றவள், முகத்தைச் சுருக்கி, கண்ணைக் கசக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "மாமா, எனக்குப் பயமா இருக்குதுங்க. நீங்க கையப் புடிச்சுக்கிட்டாத்தான் ஏறுவேன்."

அவளுக்குப் பயமா! வீட்டுப் பின்புறத்துத் தண்ணீர்த் தொட்டி மேலே ஏறி நின்று காக்காய்க்குச் சோறு வைப்பவள் அவள்.

மாமா அவளை ஒரு கணம் பார்த்தார். கம்பியை விட்ட கை அவள் கையைப் பிடித்தது. "பயப்படாத அம்மணி. மாமன் வாரேன்" என்றார். ஆனைமலைக்காரர்கள் கைதட்டினார்கள்.

அந்தப் பழைய வண்டியில் இருவருக்கு ஒரே இருக்கை, ஒரே கம்பி. நானும் அப்பாவும் அவர்களுக்குப் பின்னால் அமர்ந்தோம். வண்டி கடகடவென்று ஏறி உச்சியில் ஒரு மூச்சு நின்றது. தென்னந்தோப்புகளும், தூரத்து ஆலைக் கூரைகளும், மழைக்கு இருண்ட மலையும் ஒரே வீச்சில் கண்ணுக்குள் பாய்ந்தன. பிறகு பூமி கழன்று போனது. நாங்கள் எல்லோரும் கத்தினோம், ஆனால் எங்கள் அனைவரின் குரலுக்கும் மேலாக, கிணறுகளை வென்ற அந்த மாவீரரின் குரல் வான்வரை ஒலித்தது: "அக்கா...! என்னைய எறக்கி உடச் சொல்லுங்க்கா...!" அவர் பக்கத்தில் யாழினி இரண்டு கைகளையும் உயர்த்த முயன்றாள், ஒன்றுதான் உயர்ந்தது. மற்றது மாமாவின் பிடியில் சிக்கியிருந்தது.

நாங்கள் இறங்கவும் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது. மாமாவின் தலைமுடி நெட்டுக்குத்தாக நின்றது. கால்கள் ஆளுக்கொரு திசையில் போயின. ஆனால் குரல் கம்பீரமாகவே இருந்தது. "அம்மணி ரொம்பப் பயந்துட்டாளுங்க்கா. நாந்தான் கெட்டியாப் புடிச்சுட்டு இருந்தேன்."

அம்மா யாழினியைப் பார்த்தார். கிரீஸ் தடம் பதிந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அவள் சொன்னாள்: "ஆமாங்கம்மா. மாமா இல்லீன்னா அழுதிருப்பேன்."

மழைக்கு வேனை நோக்கி ஓடினோம். ஓடும் வழியெல்லாம் அப்பா "அக்கா...!" என்று கத்திக் காட்ட, மாமா அவரைத் துரத்த, அம்மாவுக்குச் சிரிப்பில் நடை தடுமாறியது.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் மாமா ஏறினார். "அம்மணி தனியாப் பயப்படுவா" என்பார். அம்மணியும் தவறாமல் பயப்படுவாள். அவள் கல்லூரிக்குப் போன பிறகும், பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பயம் விடுமுறைக்கு ஊர் வந்துவிடும்.

இந்தப் பொங்கல் விடுமுறையில் போனபோது அந்த வண்டி அங்கே இல்லை. கழற்றிவிட்டார்களாம். அதே இடத்தில் புதியது நிற்கிறது. இரண்டு மடங்கு உயரம். ஒவ்வொருவருக்கும் தனித்தனி இருக்கை, தோளிலிருந்து இறங்கிப் பூட்டிக்கொள்ளும் தனித்தனிக் கவசம். பாதுகாப்பு பெருகியிருக்கிறது, அதை மறுத்து எந்த அணியிலும் நான் பேச மாட்டேன். மாமாவும் யாழினியும் எனக்கு முன் வரிசையில் அமர்ந்தார்கள். பூட்டு விழுந்ததும் மாமா வழக்கம்போலப் பக்கவாட்டில் கையை நீட்டினார். அவளும் நீட்டினாள். விரல் நுனிகள்கூடத் தொடவில்லை.

"எட்டலீங்க மாமா" என்றாள் யாழினி. பிறகு, அவரை அமைதிப்படுத்துவதற்காக, "பரவால்லீங்க, எனக்குப் பயமில்லீங்க" என்றாள்.

வண்டி நகரத் தொடங்கியிருந்தது. நரைத்த மீசையோடு மாமா அவள் பக்கம் திரும்பி, இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக, வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"எனக்கு இருக்குதே, அம்மணி!"