செல்வராணி சிஸ்டர் சாத்திய ஜன்னல்

செய்தி விடியும்போது வந்தது. மதுரையில் மூச்சுக்கருவியோடு இருந்த செல்வராணி சிஸ்டர் போய்விட்டார். போனை வைத்த அம்மா, "சன்னலத் தெற" என்றார். வெளியே மழை. திறந்தேன்.

கொடைக்கானலில் கொரோனா வார்டில் சிஸ்டர் நர்ஸ்; அம்மா துப்புரவுப் பணியாளர். கவச உடையும் முகக்கவசமும் போட்டதும் அம்மாவை நிறுத்திச் சோதிப்பாராம். "மூக்குக் கம்பிய அமுக்கு மாரி. ஒன் மூக்கழகக் கொரோனாவுக்கா காட்டப்போற?"

பள்ளிக்கூடம் மூடியிருந்ததால், தினமும் சுக்குக் காப்பியை அவர்களுடைய ஓய்வறை ஜன்னல் வழியே கொடுப்பேன். வார்டுக்குள் அத்தனை கவனமாக இருந்தவர்கள், வியர்வையில் நனைந்த உடையைக் கழற்றியதும் குளிரில் வெடவெடத்து, முகக்கவசத்தை இறக்கிவிட்டு, கணப்புச் சட்டியைச் சுற்றித் தோளோடு தோள் உட்கார்வார்கள். சிஸ்டர் ஜன்னலைத் திறந்துகொண்டே இருப்பார்.

"சாத்துங்க சிஸ்டர், கொரோனாவுக்கு முந்திக் குளிரு கொன்னுரும்" என்பார் மருந்து கொடுக்கும் பாண்டி அண்ணன்.

"குளிருக்குக் கம்பளி கெடக்கு. அதுக்கு என்னத்தப் போத்துவீங்க?"

மே மாத மழையில் ஒருநாள் அம்மா நடுங்கிக்கொண்டிருந்தார். சிஸ்டர் தன் கம்பளியைப் போர்த்தி, அவரைக் கணப்பருகே உட்கார வைத்தார். என்னிடம் பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு ஒருநா கெடக்கட்டும் பாப்பா, அம்மா ரொம்ப நடுங்குறா" என்று தானே ஜன்னலைச் சாத்தித் தாழிட்டார்.

அது குளிர் நடுக்கம் இல்லை, காய்ச்சல் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார். அடுத்துப் பாண்டி அண்ணன் படுத்து எழுந்தார். பிறகு சிஸ்டர் இருமத் தொடங்கினார். தடுப்பூசி போட்டிருந்தார்; ஆனால் சர்க்கரை நோய் இருந்தது. வார்டில் தொற்றியதா, ஓய்வறையிலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அம்மா மட்டும் தன்னிடமிருந்துதான் என்கிறார்.

மதுரைக்குக் கொண்டுபோன ஆம்புலன்சிலிருந்து சிஸ்டர் அம்மாவிடம் போனில் பேசினார். மூச்சு வாங்கியது. "நீ ஏன் மாரி அழுவுற? சாத்துனது நானு."

அவர் ஒருமுறை பஸ் நிறுத்தத்தில், குளிரில் வாயிலிருந்து வந்த ஆவியைக் காட்டிச் சொன்னதை மட்டும் நான் வைத்திருக்கிறேன்: "ஒருத்தர் மூச்சு எம்புட்டு தூரம் போவுதுன்னு நம்ம மலையிலதான் கண்ணுக்குத் தெரியும் பாப்பா."

அவருக்காக நடந்த ஜெபத்துக்கு ஊர்க்காரர்கள் நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். காலைக் குளிரில் வாசலில் நெருங்கி நின்று, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, அவரைப் பற்றி அழுதுகொண்டே பேசினீர்கள். உங்கள் வாய்களிலிருந்து வெள்ளை வெள்ளையாய் ஆவி வந்து ஒன்றோடொன்று கலந்தது. நான் தள்ளி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.