யாருக்கும் கேட்காத வசனம்

மட்டக்களப்புப் புளியந்தீவில் மக்டலினைத் தெரியாதவர்கள் குறைவு. பிடித்தவர்கள் அதைவிடக் குறைவு. கிழமை நாட்களில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கோப்புப் பார்ப்பாள். சனி, ஞாயிறுகளில் வாவிக்கரை டெனிஸ் திடலில், உயரக் கதிரையில் ஏறி நடுவராக உட்காருவாள். பதினெட்டு வருடமாக இதுதான். மட்டையை எறிந்த குற்றத்துக்குச் சொந்தத் தங்கை மகளுக்கே புள்ளி வெட்டியவள். அந்தத் தங்கை வீட்டுக் கிறிஸ்மஸ் கேக் இரண்டு வருடமாக வரவில்லை.

அவள் நம்பியவை இரண்டு: விதிப்புத்தகம், யாக்கோப்பு. யாக்கோப்பு தாய்மாமன் மகன்; பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்க்கும் கோட்டு நடுவர். இருவரும் ஒரே நாளில் நடுவர் பரீட்சை எழுதியவர்கள். "கேட்டதக் கேட்டனெண்டு சொல்லாதவன் கோட்டில நிக்கப்படாது" என்று புதியவர்களுக்கு அவன் ஓதாத வகுப்பில்லை.

இந்த ஆவணியில் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சுற்று ஒன்று முதன்முறையாக மட்டக்களப்புக்கு வந்தது. பழுகாமத்து வினோஜன் அரையிறுதி வரை வந்துவிட்டான்; அவனோடு பழுகாமம் ஊரே வந்துவிட்டது.

இரண்டாவது செட்டில் அவன் மட்டையை நிலத்தில் அடித்து உடைத்தான். மக்டலின் எச்சரித்தாள். அடுத்த பந்தும் வெளியே போனதும், கதிரைக்குக் கீழே வந்து நின்று, அவளுடைய தாயைப் பற்றி ஒரு வசனம் சொன்னான். திருத்தமான உச்சரிப்பு. நூறு பேர் சிரித்தார்கள்.

ஆளையே வெளியேற்ற வேண்டிய குற்றம். அதற்கு மேற்பார்வையாளர் வர வேண்டும். வந்தவர் கொழும்புக்காரர், தமிழ் தெரியாது. கடவுளைக் கூப்பிட்டதாக வினோஜன் சொன்னான். சனத்தைச் சாட்சி கேட்க விதியில் இடமில்லை. ஆகவே ஐந்தடி தள்ளி நின்ற யாக்கோப்பை ஆங்கிலத்தில் கேட்டார்; பதிலும் ஆங்கிலத்தில்தான்.

"எனக்கு ஒண்டும் கேக்கல்ல, சேர்."

அப்படியானால் சனம் ஏன் சிரித்தது?

"காத்துக்கு ஆர்ர தொப்பியோ பறந்தது, சேர்."

அன்று வாவியில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

ஆட்டம் தொடர்ந்தது. மக்டலின் திரும்ப ஏறி, தாயைத் திட்டியவனின் புள்ளிகளை ஒன்றும் குறையாமல் அறிவித்தாள். அவன் வென்றான். கைகொடுக்க வந்தான், வழக்கப்படி அவளும் கொடுத்தாள்.

நடுவர் அறையில் யாக்கோப்பு சோடா குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னகா, மூஞ்சத் தூக்கி வெச்சிருக்காய்? நம்மட பொடியன். நமக்கெண்டு இருக்கிறது அவன் ஒருத்தன்தானே."

"எனக்கு அம்மாவும் ஒருத்திதான். உனக்கு அவ மாமி."

"மாமிக்குத் தெரியவா போகுது?"

அவள் நடத்தை அறிக்கைத் தாளை எடுத்து, வாயால் ஒருநாளும் சொல்லியிராத அந்த வசனத்தை எழுதினாள். அடியில் கோட்டு நடுவருக்கென்று இரண்டு பெட்டிகள் இருந்தன: கேட்டேன், கேட்கவில்லை. தாளை அவனிடம் தள்ளினாள்.

யாக்கோப்பு கண்ணாடியைப் போட்டு வாசித்தான். திரும்பவும் வாசித்தான். பதினெட்டு வருட விதிக்காரனுக்கு மனம் பொறுக்கவில்லை.

"நடுவில ஒரு சொல்லு விட்டுட்டாய், மக்டலின்."

அவள் பேனையை நீட்டினாள். "அப்ப நீயே எழுது, மச்சான்."

அவன் பேனையை வாங்கினான். கொஞ்சம் யோசித்தான். 'கேட்கவில்லை' என்ற பெட்டியில் அடையாளமிட்டு, ஒப்பம் வைத்து, திகதியும் போட்டான். பிறகு பேனையை மூடிக் கொடுத்தான்.