எலும்பு கடிக்கிற ரீச்சர்

போன ஞாயிறு கிண்ணியாவுக்குப் போனேன். பரீதா ரீச்சர் வீட்டில் பகல் சாப்பாடு. நானும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து, ஒன்றாக ஓய்வு பெற்றவர்கள். வயதும் ஒன்றுதான். பல்தான் ஒன்றில்லை!

என் கீழ்க் கடைவாய்ப் பற்களை இரண்டு பக்கமும் பிடுங்கியாயிற்று. கட்டுப்பல் வைக்கச் சொன்னார் டொக்டர். 'யோசிச்சுச் சொல்லுறன்' என்று வந்தவள்... இன்னும் யோசிக்கிறேன்.

எங்கள் டவுனில் மான்கள் மாடுபோலத் தெருவில் திரியும். அன்று நான் பஸ் ஏறப் போனபோதும் ஸ்டாண்டில் ஒரு மான் நின்றது. யாரோ எறிந்த முட்டைக்கோவா இலையைத் தாடையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி அரைத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல்வாயில் முன்பல்லே கிடையாது. தடித்த பல்முரசு மட்டும்தான். ஆனால் பின்னால் பார்த்தால் வரிசையாக அரைக்கும் பற்கள் — புல்லுக்கும் இலைக்கும் வேறென்ன வேண்டும்? எனக்கு வயிறு எரிந்தது.

சுறாவை நினைத்தால் இன்னும் எரியும். கிழிக்கிற பல் ஒன்று விழுந்தால், பின்வரிசையிலிருந்து அடுத்தது வந்துவிடும். எலிக்கு? கொறிக்கக் கொறிக்க முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும். இதையெல்லாம் கரும்பலகையில் கீறிக் காட்டியவள் நான். எனக்கு மட்டும் பால்பல்லுக்குப் பிறகு ஒரேயொரு செட்... என்ன நியாயம்?

பரீதா ரீச்சரின் மேசையில் புரியாணி, ஆட்டெலும்புக் கறி. கதிரையில் இருந்ததுமே அவர் ஒரு எலும்பை எடுத்துக் கடித்தார். கடக்! நான் ஒரு துண்டு இறைச்சியை முன்பல்லால் கடித்துக் கடித்து, கடைசியில் தண்ணீரோடு விழுங்கினேன்.

அடக்க முடியவில்லை.

"உங்களுக்கு வாய்ச்சது மனுசப் பல்லா ரீச்சர், சிறுத்தைப் பல்லா?" என்றேன். பகிடிபோலத்தான் சொன்னேன். குரலில் பகிடி இருக்கவில்லை.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். என் தட்டோரம் நான் ஒதுக்கி வைத்திருந்த இறைச்சியைப் பார்த்தார்.

"மெல்ல ஏலாதா ரீச்சர்?"

"ஏலாது."

"அப்ப ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"சொன்னா நீங்களும் கஞ்சி தருவீங்கள். எல்லாரும் அதைத்தானே தருகினம்."

அவர் எழுந்து குசினிக்குள் போனார். எதையோ தட்டி உடைக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் பிளந்த நல்லி எலும்புகள். உள்ளே இருந்த மச்சையைக் கரண்டியால் வழித்து என் சோற்றில் வைத்தார்.

"சிறுத்தை இப்பிடித் தட்டித் தருமா? சாப்பிடுங்க. நாளைக்கு நான் டவுனுக்கு வாறன். ரெண்டு பேருமாப் பல் டொக்டரிட்டப் போவம்."

மச்சை நாக்கிலேயே கரைந்தது. மெல்ல எதுவுமே இல்லை. அந்த ஒரு வாய்க்கு, பரீதா ரீச்சரின் பற்கள் எனக்கு மறந்தே போயின.

சொன்னபடி மறுநாள் வந்தார். டொக்டர் என் வாயில் அச்செடுக்கிற களியை அப்பி, அசையாமல் இருக்கச் சொன்னார். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் நின்று சிரித்த பரீதா ரீச்சரை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வயசிலயும் இவ்வளவு வடிவான பல்லா!"

'சிறுத்தைப் பல்' என்று சொல்ல நாக்குத் துடித்தது. வாய் நிறையக் களி — நல்லவேளை!