பச்சைத் தண்ணீரில் போன சிவப்பு

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு அவர் பெயிண்டர். சிறுசுகளுக்குத் துரு மாமா. வாசல் கதவு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று எங்கே துரு ஏறினாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். சுவருக்கு மட்டும் அடிக்க மாட்டார். "சுவரு வாயில்லாப் பூச்சி. எதைப் பூசினாலும் வாங்கிக்கும். இரும்புக்குத்தான் கோவம் வரும்" என்பார்.

ஒரு கதவைப் பார்க்கப் போனால் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். புறங்கையை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வருவார். ஓர் இடத்தில் நிற்பார். "இங்க பாருங்க, மேல பளபளன்னு இருக்கு, உள்ள அரிச்சிருக்கு." கத்தி முனையால் தட்டினால் பெயிண்ட் தோல் உரிந்து உள்ளே துரு பொலபொலவென்று கொட்டும். வீட்டுக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவர் அந்த வேலையைச் செய்கிறார் என்று நான் கேலி செய்வேன்.

கம்பி பிரஷ், உப்புத்தாள், அதற்கப்புறம் பெயிண்டுக்கு அடியில் பூசுகிற செங்கல் நிறப் பிரைமர். அந்தச் சிவப்புதான் எங்கள் வீட்டு நிறம். அவர் நகத்திலும் காது மடிப்பிலும் சீப்பிலும் தலையணை உறையிலும் இருக்கும். துரு சுரண்டும்போது மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு கைக்குட்டை கட்டிக்கொள்வார். கை துடைப்பது, முகம் துடைப்பது, இருமுவது எல்லாம் அதிலேயே. ஆறு கைக்குட்டை வைத்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அவற்றை நான் துவைக்கிற முறை ஒன்றுதான். முதலில் மண்ணெண்ணெயில் நனைத்துக் கசக்கணும். அப்புறம்தான் சோப்பு. எண்ணெய் பெயிண்ட் தண்ணீருக்கு அசையாது.

அவருக்கு என்று ஒரு வார்த்தை உண்டு. "ஒண்ணுமில்ல." விரலில் தகரம் கிழித்தாலும் ஒண்ணுமில்ல. காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் ஒண்ணுமில்ல. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இரண்டாம் மாடிக் கம்பிக்கு அடிக்கும்போது ஏணி சறுக்கி, கைப்பிடிச் சுவரில் நெஞ்சு மோதி விழுந்தாரே, அப்போது ஸ்ட்ரெச்சரில் கிடந்துகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னதும் அதே ஒண்ணுமில்லதான். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருந்தது. இடது விலாவைத் திறந்து, கிழிந்த இடத்தில் துணியாலான குழாய் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். ஆண்டவன் புண்ணியத்தில் எழுந்து வந்தார். அதற்கப்புறம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எனக்கு உள்பக்கம் ஒட்டுப் போட்டிருக்கு. கிழிஞ்ச சட்டைய நம்பலாம், என்ன நம்பக்கூடாது" என்று சொல்லிச் சிரிப்பார்.

போன வருஷம் அவருக்கு இருமல் பிடித்தது. பெரிய இருமல் இல்லை. காலையில் நாலு தடவை, சாயங்காலம் நாலு தடவை. ஒருநாள் வாயிலிருந்து எடுத்த கைக்குட்டையில் புதுச் சிவப்பாக ஒரு பொட்டு.

"என்னங்க, இருமினா செவப்பா வருதே?"

"பிரைமர் தூசிடி. மூக்கு வழியாப் போனது வாய் வழியா வெளிய வருது. வந்த விருந்தாளி போகணும்ல?"

நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? இருபத்திரண்டு வருஷமாக மூக்கைச் சிந்தினாலே சிவப்பாக வருகிற மனுஷர். ஆனாலும் இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் காட்டினேன். அவரும் பெயிண்ட் வேலை என்றதும் தலையாட்டினார். சளியைச் சோதித்தார்கள், காசநோய் இல்லை என்று வந்தது. மருந்து பாட்டில் ஒன்று கொடுத்தார். ஒரு வாரம் இருமல் நின்றது. அப்புறம் இரண்டு நாள் வந்தது. மறுபடி நின்றது. நிற்கும்போதெல்லாம் "பாத்தியா?" என்று என்னைப் பார்ப்பார்.

ஆறு வாரம் இப்படிப் போனது. அந்த ஆறு வாரமும் கைக்குட்டையில் சில கறைகள் எவ்வளவு மண்ணெண்ணெய் ஊற்றிக் கசக்கினாலும் போகவில்லை. காப்பி நிறத்தில் அப்படியே நின்றன. பிரைமரில் என்னத்தையோ கலக்கிறார்கள் என்று அதைச் செய்கிறவர்களைத் திட்டிக்கொண்டே துவைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. சும்மா ஊறட்டும் என்று கைக்குட்டைகளைப் பச்சைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு ஜெபம் செய்யப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வாளித் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. எடுத்துப் பிழிந்தேன். செங்கல் நிறக் கறைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு கைக்குட்டையில் நடுவில் இருந்த பெரிய பொட்டு மட்டும் கரைந்து போயிருந்தது.

பெண்ணாகப் பிறந்தவளுக்கு எந்தச் சிவப்பு பச்சைத் தண்ணீரில் போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் அன்று பள்ளிக்கூடத்துப் பெரிய கதவுக்கு அடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. கூட அவருடைய நண்பர் வெல்டர், கீல் பற்றவைக்க வந்திருந்தார். நான் ஈரப் புடவையோடு போய் நின்றதும் வெல்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன அண்ணி, வீட்ல தீயா?"

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன் இவரிடம்.

"இன்னும் ஒரு கோட் பாக்கி. திங்கக்கெழம போலாம். ரெண்டு நாளா இருமலே இல்ல, ஒண்ணுமில்ல."

பள்ளிக்கூடக் குழாயில் ஒரு டப்பா தண்ணீர் பிடித்தேன். அவர் தோளில் கிடந்த அன்றைய கைக்குட்டையை எடுத்து அதில் முக்கினேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அதை எடுத்துவிட்டு, அவர் சட்டைப் பையில் சுருட்டி வைத்திருந்த முந்தாநாள் கைக்குட்டையை உருவி அதே தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து சிவப்பு நூல் நூலாகப் பிரிந்து தண்ணீரில் இறங்கியது.

பிரஷைக் கையில் வைத்தபடியே குனிந்து பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் ஒரே நிறத்தோடு குடித்தனம் பண்ணியவர் இல்லையா? வெகுநேரம் பார்த்தார்.

"இது என் செவப்பு இல்ல" என்றார்.

"அண்ணே, நீ கெளம்பு. மிச்சத்த நான் அடிக்கிறேன்" என்றார் வெல்டர்.

"நீ அடிச்சா பெயிண்ட் தரைக்கு ஓடி வந்துரும்டா."

"ஓடட்டும், நான் பிடிச்சுக்கறேன். நீ போ."

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயசுதான். பொறுமையாகக் கேட்டார். "முன்னாடி நெஞ்சுல ஏதாவது நோய் இருந்ததா? ஆஸ்துமா, இதய நோய்?"

"ஒண்ணுமில்லம்மா" என்றார் இவர்.

பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் விழுந்தது விபத்து. நோய் வேறு, விபத்து வேறு. ஊருக்கெல்லாம் ஒட்டுப் போட்ட கதையைச் சொல்கிறவர், டாக்டரிடம் மட்டும் இரண்டு தடவையும் சொல்லவில்லை, ஏனென்றால் அவர்கள் கேட்டது நோயை. நான் எழுந்து போய் அவர் சட்டையை இடது பக்கம் தூக்கிக் காட்டினேன். முதுகிலிருந்து மார்பு வரைக்கும் ஓடும் தழும்பு. டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டார். "இத ஏம்மா முதல்லயே சொல்லல?" என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்தார்.

ஸ்கேன் அறை வாசலில் காத்திருக்கும்போது அவர் இருமினார். இந்த முறை பொட்டு இல்லை. டாக்டரம்மா நீட்டிய கிண்ணத்தில் அரை டம்ளர் ரத்தம். இவர் கண்ணில் முதன்முதலாகப் பயத்தைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையிலும் பிரைமர்.

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அந்த நோய்க்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை. விஷயம் மட்டும் புரிந்தது.

"பெரிய ரத்தக்குழாயும் மூச்சுக்குழாயும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி ஒட்டி இருக்கும். நடுவுல சுவர் உண்டு. அன்னிக்குத் தைச்ச இடம் இத்தன வருஷமா மெதுவா அந்தச் சுவர அரிச்சிருக்கு. இப்ப ஓட்டை விழுந்திருக்கு. ரத்தம் அது வழியா மூச்சுக்குழாய்க்குள்ள வருது."

"மேல பளபளன்னு இருந்து உள்ள அரிச்சிருக்கு" என்றார் இவர், மூச்சு வாங்கிக்கொண்டு. "சுரண்டி பிரைமர் அடிச்சா நிக்காதாம்மா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிக்காதுங்க. தொடையில இருக்கற ரத்தக்குழாய் வழியாப் போயி, பழைய குழாய்க்கு உள்ள இன்னொரு குழாய் சொருகி ஓட்டைய அடைக்கணும். இன்னிக்கே. கொஞ்சம் கொஞ்சமா வந்ததெல்லாம் எச்சரிக்கை. ஓட்டை பெரிசாச்சுன்னா எங்களால கூடத் தடுக்க முடியாது."

உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே நீள பெஞ்சில் உட்கார்ந்தேன். என் மடியில் அந்த ஈரக் கைக்குட்டை. பெரிய ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. "சாமி, வாளியில காட்டினது நீதான். காட்டிட்டுப் பாதியில விட்டுறாத" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்று மணி நேரம் அதையேதான் சொன்னேன்.

டாக்டரம்மா வெளியே வந்து, "ஓட்டைய அடைச்சாச்சும்மா" என்றார்.

மறுநாள் கண் விழித்தார். "வலிக்குதா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஒண்ணு..." என்று ஆரம்பித்தவர் என் பக்கம் பார்த்தார். "வலிக்குது" என்றார். எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

குழாய் இருக்கிற இடத்தில் கிருமி தங்காமலிருக்க மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கணும். முழுசாகத் தப்பித்தாயிற்று என்று டாக்டரம்மா சொல்லவில்லை. கவனமாக இருக்கணும் என்றுதான் சொன்னார். நடக்க முடிந்ததும் முதல் வேலையாகப் பள்ளிக்கூடக் கதவைப் பார்க்கப் போனார். கண்ணை மூடிப் புறங்கையால் தடவினார். "ஓடியிருக்கு, இங்க, இங்க, இதோ இங்க" என்று காட்ட, வெல்டர், "அண்ணே, கதவ விடு. நீ ஓடாம நிக்கறியே, அது போதும்" என்றார்.

மறுபடி வேலைக்குப் போகிறேன் என்றபோது நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். இனிமேல் செங்கல் நிற பிரைமர் வேண்டாம். சாம்பல் நிறத்தில் ஒன்று வருகிறதாமே, அதுதான்.

"தெருவுல என்ன சாம்பல் மாமான்னு கூப்பிடுவாங்கடி."

"கூப்பிடட்டும். செவப்பு வந்தா அது செவப்புன்னு எனக்குத் தெரியணும்."

ஒத்துக்கொண்டார். தெருவில் இன்னும் துரு மாமாதான். சாம்பல் கைக்குட்டைகளையும் நான் மண்ணெண்ணெயில் நனைப்பதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரில்தான் போடுகிறேன். காலையில் பல் தேய்த்துக்கொண்டே கொல்லைப்பக்கம் வந்து வாளிக்குள் எட்டிப் பார்ப்பார்.

"என்ன நெறம்?"

"பச்சத் தண்ணி" என்பேன்.

வாய் கொப்பளித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.