பிரேக் பார்த்தவன் உட்காரும் இடம்

போன வாரம் தேனியில் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். பிரேக் மாஸ்டர் சிலிண்டரையே புதுசாக மாற்றிவிட்டோம் என்று கண்ணாடி அறைக்குள் இருந்த பெண் சொன்னாள்.

"யாரும்மா பிரேக் பாத்தது?"

"டீம் சார்."

"அந்த டீம்ல ஒருத்தர வரச்சொல்லும்மா. என்கூட முன் சீட்ல ஒக்காந்து மலையில ஒரு எறக்கம் எறங்கிட்டு வரட்டும்."

அவள் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேனேஜரைக் கூப்பிடுவதற்குள் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் சாவியில் பிரேக் ஆயில் வாசம் ஒட்டியிருந்தது, கெட்டுப்போன இருமல் மருந்து மாதிரி. அந்த வாசம் வந்தால் மச்சான் முகமும் கூடவே வரும். வந்ததும் பல்லைக் கடிப்பேன். இத்தனை வருஷம் கழித்துமா என்றால், ஆமாம்.

மச்சான் என்றால் அக்கா புருஷன். கம்பத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் அவருடைய ஜீப்பை நான்தான் ஓட்டினேன். பட்டாளத்தில் கழித்துக்கட்டிய வண்டி, வயதில் எனக்கு மூத்தது. காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலை ஏற வேண்டும், சாயங்காலம் இறக்கிவிட வேண்டும். எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கும். ஒரு சின்ன மூடியைத் திறந்துதான் ஆயில் பார்க்கணும். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து அது ஒன்றுதான். உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் தோற்றால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது.

அது தோற்றுக்கொண்டிருந்தது. மிதித்துப் பிடித்தால் பெடல் தூக்கம் வந்த பிள்ளையின் தலை மாதிரி மெல்ல மெல்ல இறங்கும். மச்சான் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது ரப்பர் கிட் போட்டு மாட்டுவார். மூன்று வாரம் நிற்கும். மறுபடி இறங்கும்.

"உள்ள குழி விழுந்துருச்சு மச்சான். புதுசு மாத்துங்க."

"இது அந்தக் காலத்து வார்ப்பு மாப்ள. இப்ப வாரது பூரா தகர டப்பா."

"தகர டப்பாவாச்சும் நிக்கும்ல."

"நீ ஓட்டுறவன். ஓட்டு. எனக்கு வேல சொல்லித் தராத."

ஜீப் ஸ்டாண்டில் இருந்த அத்தனை டிரைவர்களும் சிரித்தார்கள். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. அவருக்கு நான் பொண்டாட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்த சனியன், எனக்கு அவர் கிழட்டு எருமை. இரண்டு முழத் தூரத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். அக்கா வந்து, "தம்பி, அவுக டீசல் அடிச்சிட்டு வரச் சொன்னாக" என்பாள்.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு சட்டம் இருந்தது. பெண்கள் போட்ட சட்டம். பிரேக்கில் கை வைத்தவன், அந்த வேலை முடிந்த பிறகு வரும் முதல் இறக்கத்தில் முன் சீட்டில் உட்கார வேண்டும். எங்கள் வண்டிப் பெண்களுக்குத் தலைவியான வேலுத்தாய் அதில் ரொம்பக் கறார். "பிரேக்கு பாத்தவென் வீட்ல கஞ்சி குடிச்சிக்கிட்டு இருப்பான், நாங்க பள்ளத்துல கெடக்கணுமா? அவனும் வரட்டும்ல" என்பாள். எந்த மெக்கானிக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் தேவதானப்பட்டியில் ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தார். நான் தேனிக்குப் போய் புதுச் சிலிண்டர் வாங்கிவந்து நானே மாட்டினேன். புதுசு கிரீஸ் பூசி வந்திருந்தது. மச்சான் மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுக் கழுவுவதை ஆயிரம் தடவை பார்த்தவன் அல்லவா நான்? பிரித்து, ரப்பரோடு சேர்த்து ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, பளபளவென்று மாட்டினேன். பெடல் கல் மாதிரி நின்றது. தனியாக நின்று மீசையை முறுக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தகட்டில் சிந்தியிருந்த ஆயிலை வேலுத்தாய் பார்த்துவிட்டாள்.

"ஏலே, பிரேக்குல யாரு கை வச்சா?"

நான்தான் என்று சொன்னால் ஒருத்தியும் ஏற மாட்டாள். சாவியும் கையைவிட்டுப் போகும். "மச்சாந்தான்" என்றேன்.

"அப்ப அந்தாளக் கூப்புடு."

மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். குனிந்து காலடி மூடியைத் திறந்தார். உள்ளே புது இரும்பு மின்னியது. என்னை நிமிர்ந்து பார்த்தார். இதோ போட்டு உடைக்கப்போகிறார் என்று நின்றேன். அவர் மூடியை மூடிவிட்டு முன் சீட்டில் ஏறினார். வெளியே பார்த்தபடி, "எடு" என்றார். பல மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

பகல் பூராவும் மெட்டில் ஆளுக்கொரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் இறங்கும்போது இரண்டு வளைவு சரியாகத்தான் போயிற்று. மூன்றாவதில் பெடலிலிருந்து காலை எடுத்தும் பிரேக் விடவில்லை. யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. சக்கரத்திலிருந்து புகை. "என்னமோ கருகுதேடி" என்று பின்னால் ஒரு குரல்.

மச்சான் என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"மாப்ள, எதுல கழுவுன?"

"மண்ணெண்ணெய்ல."

"ரப்பரயுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் இரும்பை மட்டும்தான் மண்ணெண்ணெயில் கழுவுவார். ரப்பரைத் தனியாக பிரேக் ஆயிலில் நனைப்பார். மண்ணெண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப்போய், ஆயில் திரும்புகிற துளையை அடைத்துவிடும். ஆயிரம் தடவை பார்த்தவன் அதை மட்டும் பார்க்கவில்லை.

"ஆயில் கொதிச்சா பெடல் செத்துரும். மொதக் கியருக்கு வா. மலப்பக்கம் அண."

கடைசி மிதியில் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. வண்டி மண்மேட்டில் உரசி நின்றது. இன்னும் நாலடி போயிருந்தால் அடுத்த வளைவு, அதற்குக் கீழே பள்ளம்.

பெண்கள் குதித்து இறங்கினார்கள். வேலுத்தாய் நேராக மச்சானிடம் போனாள். "ஏய்யா எடுபட்ட பயலே, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா? எம்பேத்தி இந்த வண்டியிலதாய்யா இருக்கா!" என்று அவர் காலடியில் காறித் துப்பினாள். சக்கரத்தருகே குந்தியிருந்த மச்சான் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்தார். கொதித்த ஆயில் அவர் கையில் பீச்சியடித்தது. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போனார். நான் டயருக்கு முட்டுக்கொடுக்கக் கல் தேடப் போனேன். பெண்கள் தூக்குச்சட்டியோடு மலையை நடந்தே இறங்கினார்கள்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். எனக்கு வரவேண்டிய வசவை வாங்கி வைத்துக்கொண்டு, இன்றுவரை திருப்பித் தராத மனுஷரை நான் எப்படி மன்னிப்பது?

மூன்றாம் நாள் அவரே இன்னொரு புதுச் சிலிண்டர் வாங்கிவந்து மாட்டினார். குழி விழுந்த அந்தக் காலத்து வார்ப்பு ஷெட் மூலையில் கிடந்தது. நீ சொன்னது சரிதான் என்று அவர் சொல்வார் என நான் காத்திருந்தேன். அவரும் என்னிடமிருந்து வேறொன்றுக்குக் காத்திருந்திருப்பார்.

மறுநாள் காலை யாரும் கூப்பிடாமலே மச்சான் ஸ்டாண்டுக்கு வந்து, முன் சீட்டில் ஏறக் கால் வைத்தார். வேலுத்தாய் தன் தூக்குச்சட்டியை அந்தச் சீட்டில் டங்கென்று வைத்தாள்.

"வேணாம்யா. நீ ஒக்காந்த லட்சணத்தத்தான் பாத்தம்ல."

அதற்குப் பிறகு எங்கள் வண்டியில் யாரையும் முன் சீட்டுக்குக் கூப்பிடவில்லை. கொஞ்ச நாளில் மற்ற ஜீப்புகளிலும் அந்தச் சட்டம் நின்றுபோனது. அன்றைக்கு பிரேக் பார்த்தவன் முன் சீட்டில் இல்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்பதை வேலுத்தாயிடம் நான் சொல்லவே இல்லை.